அவசரம்: 1940 குரங்குப் படத்துக்கு சப்டைட்டில் சேரவில்லை

மாடிக்கொட்டகை:
இன்று ஆறு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்கு, ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீனக் கதையை வைத்து எடுத்த குரங்குப் படம் போடுகிறேன், 1940ல் வந்தது. சப்டைட்டில் முதலில் ஒழுங்காக வந்தது, அப்புறம் பேச்சோடு சேரவே இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆறாம்வரிசை:
எந்தப் படம்? வான் சகோதரர்களின் ஷாங்காய் கார்ட்டூன் என்றால் அது 1941.

நிலாமுற்றம்:
குரங்கு டப்பாவில் இருக்கும் கீரையைத் தின்றதும் கார்ட்டூன் மாலுமி பொப்பாயின் இசை வருமே, அதுவா? மேகத்துக்குப் பதிலாக விமானத்தில் பறக்கும். அப்படியென்றால் ஜப்பானிய நகைச்சுவை நடிகர் எனோகென் நடித்த ‘சோன்கோகு’. இயக்கம் யமமோட்டோ கஜிரோ. அவரே 1959ல் இதே கதையை வேறு நடிகர்களோடு மறுபடி எடுத்தார். அந்தப் படத்தின் சப்டைட்டில் கைக்கு வந்திருந்தால் ஒட்டவே ஒட்டாது.

சுருள்பெட்டி:
என்ன பிளேயர்? வரி முந்துகிறதா, பிந்துகிறதா? எந்த இடத்திலிருந்து?

பழையபடம்63:
இதை இங்கே பலமுறை விளக்கியாயிற்று. கேட்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இது வேகக் கோளாறுதான். நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்) ஓடும் பிரதிக்குச் செய்த வரியை 23.976 பிரேம் கோப்பில் போட்டால் நிமிடத்துக்கு இரண்டரை நொடி விலகும். மாற்றிச் சேமியுங்கள், முடிந்தது.

சுருள்பெட்டி:
வேகக் கோளாறு என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே பன்னிரண்டு நொடி விலகியிருக்குமே ஐயா. அவர் முதலில் ஒழுங்காக வந்தது என்கிறார்.

ஆறாம்வரிசை:
பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். கதையில் வரும் துறவி நிஜமானவர். 7ஆம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரை வந்த சுவான்சாங், அதாவது யுவான் சுவாங். அந்தக் குரங்கு நம் அனுமன்தான்.

நிலாமுற்றம்:
அதை முடிந்த முடிவாகச் சொல்லாதீர்கள். 1923ல் சீன அறிஞர் ஹூ ஷி அனுமன் என்றார். சீன எழுத்தாளர் லூ சுன் மறுத்து, சீனக் கதைகளில் வரும் வூஜிசி என்ற நீர்க்குரங்கைக் காட்டினார். எனக்கு லூ சுன் பக்கமே நியாயம் தெரிகிறது.

ஆறாம்வரிசை:
புத்தக் கதைகளோடு ராமாயணமும் சீனாவுக்குப் போனது. வழி இருக்கும்போது அனுமன் மட்டும் போகாமல் இருப்பாரா?

பழையபடம்63:
இழை உதவிக்கானது. அதோடு, 1937 முதல் சீனாவோடு போர் நடத்திக்கொண்டே ஜப்பானியர் சீனர்களின் கதையை ஆட்டம்பாட்டமாக எடுத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் வரும், சீன நடிகை என்று அன்று நம்பவைத்த ரீ கோரானும் உண்மையில் ஜப்பானியப் பெண். அதையும் பேச வேண்டும்.

மாடிக்கொட்டகை:
எனோகென் படமேதான். விஎல்சி. பாதிப் படத்தில் மறுபடி பெயர்ப் பட்டியல் ஓடுகிறது, அதற்குப் பிறகுதான் எல்லாம் முந்தி வருகிறது. கதையில் வரும் பன்றி வாய் திறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

சுருள்பெட்டி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். படம் இரண்டு பாகம். உங்கள் கோப்பில் இரண்டாம் பாகத்தின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, சப்டைட்டில் செய்தவரிடம் அது இல்லாத பிரதி இருந்திருக்கும். பட்டியல் எத்தனை நொடி ஓடுகிறது என்று பாருங்கள். முதல் பாகம் முடிந்ததும் நிறுத்தி, அத்தனை நொடி தாமதம் கொடுங்கள். ‘எச்’ விசை ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிநொடிதான், அதனால் ஒத்திசைவுப் பெட்டியில் எண்ணையே தட்டுங்கள். வேகத்தைத் தொடாதீர்கள்.

மாடிக்கொட்டகை:
94 நொடி. சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் படியேறுகிறார்கள், நன்றி அண்ணா.