கொமியூட்டேட்டருக்குத் தமிழ் என்ன?

உப்புவெளி ஆசிரியர்:
வணக்கம். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு, அடிப்படைத் துகள்களை அதிரும் இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டுக்கு அறிமுகக் குறிப்பேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொமியூட்டேட்டருக்குச் சொல் கிடைக்காமல் மூன்றாம் பாடம் நிற்கிறது. மோட்டார்ப் பாடத்துத் 'திசைமாற்றி' இங்கே பொருந்தாது. அது பிளந்த வளையம், இது ஒரு கழித்தல்.

அதிரும் இழையின் இரண்டாம் சுரத்தை எடுங்கள். 'அல்பா சய இரண்டு' அதை ஒரு படி எழுப்பும், 'அல்பா இரண்டு' ஒரு படி இறக்கும். எதுவும் அதிராத அடிநிலையை முதலில் எழுப்பி, அப்புறம் இறக்கினால் அதே அடிநிலை இரண்டு மடங்காக வரும். முதலில் இறக்கினாலோ பூச்சியம், எழுப்ப ஒன்றும் மிஞ்சாது. வித்தியாசம் 2. மூன்றாம் சுரம் என்றால் 3. இழை அதிரும் திசைகளில் காலத் திசைக்கு மட்டும் குறி மாறிச் சய எண் வரும். இந்த வித்தியாசத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

சென்னை நண்பர்:
சய என்றால் மைனஸ்தானே? எங்கள் பாடநூலில் 'பரிமாற்றுப் பண்பு' பழகிய சொல். 'பரிமாற்றி' என்று வைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

மட்டக்களப்பு ஐயா:
பரிமாற்றி என்றால் பரிமாற்றுவது. இங்கே அளப்பதோ பரிமாற முடியாமையை. அதோடு 'பரி' வடமொழி முன்னொட்டு. நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. இல்முன் என்றாலும் முன்றில் என்றாலும் வீட்டு முற்றம்தான். இலக்கணப்போலியில் வரிசை மாறியும் பொருள் மாறவில்லை. மலைத்தேனைத் தேன்மலை ஆக்கினால் பொருளே வேறு. வரிசையை மாற்றிக் கழித்தபின் எஞ்சுவது 'மாற்றெச்சம்'. 'எச்சத்தாற் காணப்படும்' என்று குறளே சொல்கிறது.

குறிப்பேட்டின் அட்டையில் 'திருகோணமலை' என்று இருக்கிறது. திரு + கோணமலை, நடுவில் ககர ஒற்று எங்கே? சம்பந்தர் பாடியது கோணமாமலை. திருத்துங்கள்.

வவுனியா ஆசிரியை:
ஊர்ப்பெயரை ஊரார் எழுதுகிறபடி விடுங்கள் ஐயா, இந்தச் சண்டைக்கு வெள்ளிக்கிழமை போதாது. எச்சம் என்றால் என் வகுப்புக்குக் காக்கை எச்சம்தான் ஞாபகம் வரும். எழுப்புகிற, இறக்குகிற அல்பாக்களைச் 'செயலி' என்றதும் ஏற்கெனவே கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள்.

மட்டக்களப்பு ஐயா:
பெயரெச்சம், வினையெச்சம் படித்த பிள்ளைகள்தானே, தங்கச்சி? அப்போது யாரும் காக்கையைத் தேடவில்லை. 'பரிமாறு' என்றாலும் சோறுதான் முதலில் வரும். அதற்காக அந்தச் சொல்லைக் கைவிட்டோமா?

உப்புவெளி ஆசிரியர்:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழகிய 'பரிமாற்று' கைவிட்டுப் போகக்கூடாது. 'பரிமாற்றெச்சம்' என்று போடுகிறேன். பரிமாறுகிற இரண்டு செயலிகளுக்குப் பரிமாற்றெச்சம் பூச்சியம். இந்த வாக்கியம் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

சென்னை நண்பர்:
நீளம்தான், ஆனாலும் சரி.

வவுனியா ஆசிரியை:
எனக்கும் சம்மதம். முதல் தடவை வரும் இடத்தில் கொமியூட்டேட்டரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மட்டக்களப்பு ஐயா:
'பரி' இருக்கும்வரை என் ஒப்புதல் இல்லை. பதிவு செய்யுங்கள்.

யாழ்ப்பாண மாணவர்:
பிந்தி வந்ததற்கு மன்னிக்க வேண்டும் சேர். ஐந்தாம் பாடத்தில் விராசோரோ அட்சரகணிதம் என்று, சுட்டெண் இட்ட வேறொரு செயலிக் குடும்பத்தின் கணக்கு வருகிறது. அங்கே இரண்டு செயலிகளை இடம் மாற்றிக் கழித்தால் அதே குடும்பத்துச் செயலி ஒன்று வரும். சுட்டெண்களின் கூட்டுத்தொகை பூச்சியமானால் அதற்கு மேல் வெறும் எண் ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணை ஈடுசெய்தாக வேண்டும் என்பதால்தான் 26 பரிமாணம் வருகிறது. எச்சம் என்ற பெயருக்கு முதல் உரிமை அந்த எண்ணுக்கு. முழு வித்தியாசத்துக்கும் இப்போதே அதைக் கொடுத்துவிட்டால் ஐந்தாம் பாடத்தில் என்ன செய்வீர்கள்?