கேம்ஸ் டெமோ உரிமத்தில் 40 துறை மாதிரி ஓடவில்லை, துறைகளைக் குறைத்தே ஆகணுமா?

கிழங்குமாவு, சேலம்:
மரவள்ளி விலை ஏறினால் ஜவ்வரிசி ஆலைகள், கூலி, மற்ற தொழில்கள் எல்லாம் என்ன ஆகும் என்று பார்க்க சேலம் மாவட்டத்துக்கு ஒரு சிஜிஇ மாதிரி (எல்லாத் துறைச் சந்தைகளையும் ஒன்றாகச் சமன்படுத்திப் பார்க்கும் பொருளாதாரக் கணக்கு) எழுதிக்கொண்டிருக்கிறேன். சமன்பாடுகளைத் தீர்க்கும் கேம்ஸ் மென்பொருளில் ஓட்டினால் லைசென்ஸ் அளவு தாண்டிவிட்டது என்று நின்றுவிடுகிறது. நேரியல் மாதிரி என்றால் 2000 மாறி, 2000 சமன்பாடு வரை விடுகிறார்கள், என்னுடையது நேரியல் அல்லாதது, அதற்கு 1000தான். கைடு 15 துறையாகச் சுருக்கச் சொல்கிறார். சுருக்கினால் மரவள்ளி ‘இதரப் பயிர்கள்’, ஜவ்வரிசி ‘இதர உணவுப் பொருட்கள்’. அப்புறம் நான் எதைப் பற்றி ஆய்வு செய்கிறேன்?

ஏற்காட்டுக்காரன்:
துறையில் கை வைக்காதீங்க. முதலில் ஓட்டியதும் வரும் லிஸ்ட் கோப்பில் மாடல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியைத் திறந்து சிங்கிள் வேரியபிள்ஸ், அதாவது தனித்தனி மாறிகள், எத்தனை என்று பாருங்கள், பிளாக்ஸ், அதாவது மாறித் தொகுதிகளின் எண்ணிக்கை இதில் கணக்கே இல்லை. இடைநிலை உள்ளீட்டை, அதாவது ஒரு துறை இன்னொன்றிடம் வாங்கும் சரக்கை, துறைக்குத் துறை மாறியாக அறிவித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 40 பெருக்கல் 40, அது மட்டுமே 1600. லியோன்டிஃப் முறை என்றால் ஓர் அலகு உற்பத்திக்கு இவ்வளவு உள்ளீடு என்கிற குணகம் மாறப்போவதில்லை, அதனால் குணகத்தை உற்பத்தியோடு பெருக்கி சந்தைச் சமன்பாட்டுக்குள்ளேயே எழுதிவிடலாம், தனி மாறி எதற்கு? உரிமம் எண்ணுவது மாறியையும் சமன்பாட்டையும்தான். பாராமீட்டர், அதாவது நாம் கொடுக்கும் நிலையான எண்கள், எவ்வளவு பெரிதானாலும் கேட்காது, 2007-08 அகில இந்திய உள்ளீடு-வெளியீடு அட்டவணையின் 130 துறையையும் அப்படியே ஏற்றி வைக்கலாம்.

கொலுசுப்பட்டறை:
மேலே சொன்னது சரி, ஆனால் மின்சாரத்துக்குப் பதில் விறகு என்கிற மாதிரி மாற்றீடு வேண்டுமென்றால் அங்கே மாறி தேவைப்படும். அதை ஆலைத் துறைக்கு மட்டும் வையுங்கள். மற்ற இடத்திலும் மாறி வைத்தே ஆகணும் என்றால் டாலர் நிபந்தனை ($ குறி போட்டு எழுதும் ‘இருந்தால் மட்டும்’ விதி) போட்டு பூஜ்யக் கட்டங்களை வெட்டிவிடுங்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறை எந்தக் காலத்தில் மரவள்ளி வாங்கியது? எக்செலுக்கு ஓடிவிடலாம் என்று மட்டும் யோசிக்காதீங்க, அதோடு வரும் சால்வர் 200 மாறியோடு நின்றுவிடும். கிராக் செய்த பிரதியும் வேண்டாம், வைவாவில் எதில் ஓட்டினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஜூலியா நிரல்மொழியில் மாதிரி எழுத உதவும் ஜம்ப், அதைத் தீர்க்கும் ஐபாப்ட் இரண்டும் இலவசம், அளவு வரம்பும் கிடையாது. ஆனால் மாதிரி முழுவதையும் திரும்ப எழுதணும், சமர்ப்பிக்கிற நேரத்தில் அந்த வேலை தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழங்குமாவு:
1600தான் இடித்தது. பெருக்கி உள்ளே எழுதியதும் 40 துறையும் அப்படியே ஓடுகிறது, நன்றிங்க. ஆனால் ஆலை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்கியது என்று அட்டவணை போடணுமே, அந்த மாறியே இப்போது இல்லையே?

ஏற்காட்டுக்காரன்:
மாதிரியைத் தீர்க்கச் சொல்லும் சால்வ் வரிக்குக் கீழே ஒரு பாராமீட்டர் வைத்து, குணகத்தை உற்பத்தியின் தீர்வு மதிப்போடு, அதாவது மாறிப் பெயருக்குப் பின் புள்ளி எல் போட்டு, பெருக்கிக்கொள்ளுங்கள். விலை அதிர்ச்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சேமியுங்கள், இல்லையென்றால் அடுத்த சால்வ் முந்தையதை அழித்துவிடும்.