மெல்லிசை மேடைக்கு ஒரே ஒரு கிட்டார்: ஸ்ட்ராட்டா, டெலியா, லெஸ் பாலா?

ஆறுகம்பி:

அன்பர்களுக்கு வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்து வருகிறேன். திருமண வரவேற்பு, கோயில் திருவிழா என்று நாங்கள் போகும் மேடைகளில் மென்மையான ஆர்ப்பெஜியோவும் (கார்டின் ஸ்வரங்களைத் தனித்தனியே மீட்டுவது), ஃபங்க் பாணித் தாளமும், இந்தக் காலத்துப் பாடல்களுக்குரிய கனத்த டிஸ்டார்ஷனும் (கரகரப்பாக்கிய ஒலி) ஒரே மாலையில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. பாட்டுக்குப் பாட்டு கிட்டாரை மாற்ற நேரம் கிடைப்பதில்லை. இரண்டாவது கிட்டாரைக் கொண்டு செல்ல வண்டியில் இடமும் இருப்பதில்லை. ஆகவே, எல்லாவற்றுக்கும் ஓரளவாவது ஈடுகொடுக்கும் ஒரே கிட்டாரை வாங்க எண்ணியிருக்கிறேன்.

என் மனத்தில் இருப்பவை ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், லெஸ் பால் ஆகிய மூன்றும்தான். அமெரிக்காவில் செய்யப்பட்டவை என் கைக்கு எட்டாது என்பதால் ஃபெண்டர், கிப்ஸன் நிறுவனங்களின் மலிவுப் பெயர்களான ஸ்குவையர், எபிஃபோன் விலையில்தான் பார்க்கிறேன். நாதம், கைக்கு இணக்கம், பலவகைப் பாடல்களுக்கும் பயன்படுதல் ஆகிய மூன்றில் இவை எப்படி வேறுபடுகின்றன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கருநாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டதிலிருந்து வீட்டில் கமகங்களைப் பழகி வருகிறேன். ஆகவே கம்பியை இழுத்து வாசிப்பது எனக்கு மிகவும் முக்கியம். மேடையில் ஆம்ப் கிடைப்பது அரிது. பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து (நாதத்தை மாற்றும் மின்னணுக் கருவி) நேராக மிக்ஸருக்குத்தான் போகிறேன்.

மரத்தூள்:

நண்பரே, கிட்டார்களைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் நாதத்தைப் பிறருக்கு விட்டுவிட்டு, கைக்கு இணக்கம் என்று நீங்கள் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். ப்ராசஸர் வழியே வாசிக்கும் ஒருவருக்கு நாதத்தின் குறைகளில் பாதியை அங்கேயே சரிசெய்துகொள்ள முடியும். கை உணர்வதை எந்த ப்ராசஸராலும் மாற்ற முடியாது.

இந்தக் கிட்டார்கள் இரண்டு வேறு பட்டறை மரபுகளிலிருந்து வந்தவை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். எளிதில் செய்யவும் எளிதில் கழற்றி மாற்றவும் கூடிய பொருளாகத்தான் கிட்டாரை அவர் பார்த்தார். 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்து, மறு ஆண்டு டெலிகாஸ்டர் ஆன கிட்டாரின் உடல் ஒரு தட்டையான பலகை. அதில் நெக் (கழுத்துப் பகுதி) திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டும் உடல் வளைவுகளும் ட்ரெமோலோவும் (சுருதியை அசைக்கும் நெம்புகோல் அமைப்பு) நீங்கலாக அதே முறையில்தான் கட்டப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் கலாமஸூவில் இருந்த கிப்ஸன் நிறுவனமோ மாண்டலின்களையும் வளைந்த மேற்பலகை கொண்ட கிட்டார்களையும் பல்லாண்டுகள் செய்து பழகியது. ஆகவே 1952இல் அது வெளியிட்ட லெஸ் பாலில் மஹோகனி உடலின் மேல் செதுக்கிய மேப்பிள் பலகை இருந்தது. நெக் பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

கையில் முதலில் தெரியும் வேறுபாடு கம்பியின் அதிர்நீளம். ஃபெண்டர் வகைகளில் அது 25.5 அங்குலம், கிப்ஸன் வகைகளில் சுமார் 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவதால், ஃபெண்டரில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு அதிகமாக இருக்கும். ஆகவே கமகத்துக்காகக் கம்பியை இழுப்பவருக்கு லெஸ் பாலில் விரல் வலி குறையும். ஃபெண்டரில் மெல்லிய கம்பிகளைப் போட்டு இதை ஈடுகட்டலாம். புதிய ஃபெண்டர்கள் பெரும்பாலும் 9–42 தொகுதியோடும் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்), கிப்ஸன்கள் 10–46 தொகுதியோடும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது விரற்பலகையின் வளைவு. பழைய பாணி ஃபெண்டர்களில் அது 7.25 அங்குல ஆரம் கொண்டது. பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளையும் அழுத்தும் பிடி) பிடிக்க அந்த வளைவு சுகமாக இருக்கும். ஆனால் கம்பிகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு 12ஆம் ஃப்ரெட்டுக்கு (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) மேல் முதல் கம்பியை ஒன்றரை ஸ்வரம் இழுத்தால், அது அடுத்த ஃப்ரெட்டில் முட்டி ஓசை செத்துவிடும். இக்கால ஃபெண்டர், ஸ்குவையர் வகைகள் பலவற்றில் 9.5 அங்குல ஆரமும், கிப்ஸன், எபிஃபோனில் 12 அங்குல ஆரமும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. "வின்டேஜ்" என்ற சொல்லுக்கு மயங்கி 7.25 வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது செய்தி உங்களுக்கு மிகவும் முக்கியமானது. ஸ்ட்ராட்டின் ட்ரெமோலோ பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி), ஒரு பக்கம் கம்பிகளும் மறுபக்கம் ஸ்பிரிங்குகளும் இழுக்க, இரண்டின் சமநிலையில் நிற்கிறது. அது உடலைத் தொடாமல் மிதக்கும்படி அமைந்திருந்தால், ஒரு கம்பியை நீங்கள் இழுத்தவுடன் பிரிட்ஜ் சற்றே முன்னால் சாய்ந்து மற்ற ஐந்து கம்பிகளின் சுருதியும் இறங்கிவிடும். ஒற்றைக் கம்பியில் தனி வாசிக்கும்போது இது காதுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கம்பியை ஆதார சுருதியாக ஒலிக்கவிட்டு அடுத்த கம்பியில் கமகம் வாசித்தால், சுருதி கலைவது உடனே தெரிந்துவிடும். டெலியிலும் லெஸ் பாலிலும் பிரிட்ஜ் நிலையானது. இந்தச் சிக்கல் அறவே இல்லை.

கடைசியாக, என் மேசைக்கு வரும் உடைந்த கிட்டார்களைப் பற்றி. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெரும்பாலானவற்றில் அந்தச் சாய்வு 17 பாகை. சாய்வு தொடங்கும் இடத்திலேயே ட்ரஸ் ராடின் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் உலோகத் தண்டு) நட்டுக்காக மரத்தைக் குடைந்திருப்பதால், ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் அங்கேதான் முறியும். ஃபெண்டரின் மேப்பிள் நெக் நேராக இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். முறிந்தாலும் நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறு நெக்கைப் பூட்டிவிடலாம். பெட்டிகளுக்கு நடுவே வேனில் பயணம் செய்யும் கிட்டாருக்கு இது சாதாரண விஷயமல்ல.

டெலிக்காரன்:

மரத்தூள் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. நாதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு பொதுவான எண்ணத்தை மறுக்க விரும்புகிறேன். மூன்று பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்குறிகையாக்கும் காந்தச் சுருள்) ஐந்து நிலை ஸ்விட்ச்சும் இருப்பதால் ஸ்ட்ராட்தான் பல்திறன் உடையது, இரண்டே பிக்கப் உள்ள டெலி அமெரிக்கக் கன்ட்ரி இசைக்கு மட்டும் ஆனது என்று பலரும் சொல்கிறார்கள். லெட் ஸெப்பெலின் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்பில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்தது டெலிகாஸ்டர். அந்த முழக்கத்தைக் கேட்டு லெஸ் பால் என்று நம்பியவர்கள் ஏராளம்.

டெலியின் பிரிட்ஜ் பிக்கப் ஓர் எஃகுத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் அடியிலும் செம்பு பூசிய ஓர் எஃகுத் தகடு உண்டு. இவை காந்தப்புலத்தை மாற்றுவதால் ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் பிக்கப்பைவிட இதற்கு அழுத்தமும் கடிப்பும் அதிகம். டோன் குமிழைப் பாதியளவு குறைத்தால் அதே பிக்கப் தடித்து, டிஸ்டார்ஷனோடு நன்றாகச் சேர்ந்துகொள்ளும். பழைய முறை வயரிங் உள்ள ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கூர்மையை அங்கே கையால் தணிக்க வழியில்லை. டெலியின் நெக் பிக்கப்பில் டோனை முழுதாகக் குறைத்தால் ஜாஸுக்கு ஒத்த உருண்டையான நாதம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்த நடு நிலையோ ரிதம் வாசிப்பதற்கென்றே அமைந்தது போல் இருக்கும். ஃபங்க் பாடல்களுக்கு நான் அதை விட்டு நகர்வதே இல்லை.

ஸ்ட்ராட்டுக்கு உரிய பெருமையை மறைக்கவும் கூடாது. பிரிட்ஜையும் நடுப் பிக்கப்பையும் சேர்த்து, அல்லது நெக்கையும் நடுவையும் சேர்த்து எழுப்பும் அந்தக் கண்ணாடி போன்ற நாதம் வேறு எந்தக் கிட்டாரிலும் அப்படியே வராது. தொடக்கத்தில் ஸ்விட்ச்சில் மூன்று நிலைகள்தான் இருந்தன. வாசிப்பவர்கள் நெம்புகோலை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்துத் தாங்களே கண்டுபிடித்த நாதம் அது. அதன் பிறகு 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்ச்சை வைத்தது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளரின் தொடக்ககால வாசிப்பைக் கேட்டால் அதன் அருமை புரியும். நம் ஊர்ப் பாடல்களின் ஆர்ப்பெஜியோக்களுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது.

டெலியின் குறை உடலமைப்பில் இருக்கிறது. விளிம்புகள் சதுரமாக இருப்பதால் நீண்ட கச்சேரியில் விலா எலும்பிலும் வலது முன்கையிலும் உறுத்தும். ஸ்ட்ராட்டின் உடலில் அந்த இரண்டு இடங்களையும் செதுக்கி நீக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அந்த வேறுபாடு முதல் நாளிலேயே தெரியும்.

இரட்டைக்காயில்:

இதுவரை யாரும் இரைச்சலைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மண்டபங்களில் சீரியல் விளக்குகளும் டிம்மர்களும் ஒரே மின்தடத்தில் ஓடிக்கொண்டிருக்க, எர்த்திங் எப்படி இருக்கும் என்பதும் தெரியாத நிலையில், ஸ்ட்ராட், டெலி போன்ற சிங்கிள் காயில் கிட்டாரை (பிக்கப்பில் ஒரே கம்பிச்சுருள் உள்ளது) டிஸ்டார்ஷனோடு திறந்து வைத்தால் பாட்டுக்கு இடையில் மௌனமே இருக்காது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முழக்கமும் அதன் மேல் ஒலிகளும் ஒலிபெருக்கியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ப்ராசஸரின் நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலிகளை வெட்டும் வசதி) வாசிக்காத நேரத்தில் அதை மறைக்கும். ஆனால் நீங்கள் விரும்பிப் பழகும் நீண்ட கமகத்தின் வாலையும் சேர்த்து வெட்டிவிடும்.

இதற்காகத்தான் கிப்ஸனில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பை வடிவமைத்தார். 1957 முதல் அது லெஸ் பாலில் இடம்பெற்றது. எதிரெதிர் திசையில் சுற்றிய இரு காயில்களுக்கு எதிரெதிர் காந்த முனைகளை வைத்தால், வெளியிலிருந்து வரும் முழக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். இரு காயில்களும் கம்பியை இரண்டு இடங்களில் கேட்பதால் உச்ச ஒலிகளில் சில குறைகின்றன என்பது உண்மைதான். லெஸ் பாலை மந்தமானது என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் டிஸ்டார்ஷனில் தனி வாசிக்கும்போது அந்தக் குறைவே நன்மையாகிவிடுகிறது.

பல்திறனைப் பற்றி ஒரு செய்தி. லெஸ் பாலில் இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. நெக் பிக்கப்பின் வால்யூமை 6இல் வைத்து, பிரிட்ஜ் பிக்கப்பை 10இல் வைத்துவிட்டால், பல்லவிக்கு அடக்கமான ரிதமும் இடையிசைக்கு ஓங்கிய லீடும் ஒரே ஸ்விட்ச் அசைவில் வந்துவிடும். பெடலைத் தேடிக் கால் அலைய வேண்டியதில்லை. ஃபெண்டரின் ஒற்றை வால்யூமில் இதைச் செய்ய முடியாது.

எடைதான் லெஸ் பாலின் தண்டனை. நான்கு கிலோவைத் தாண்டும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பவரின் இடது தோள் மறுநாள் பேசும். அது ஒத்துவராது என்றால் 1961இல் கிப்ஸனிலிருந்து வந்த எஸ்ஜி வடிவத்தைப் பாருங்கள். மெலிந்த உடல், மேல் ஃப்ரெட்டுகளுக்கு இருபுறமும் தாராளமான வழி, அதே ஹம்பக்கர்கள். நெக் கீழ்நோக்கிச் சாய்வதுதான் அதன் தொல்லை. சொரசொரப்பான தோல் பட்டை போட்டால் ஓரளவு நிற்கும். 1958இல் வந்த கிப்ஸனின் ஈஎஸ்-335 என்னைப் பொறுத்தவரை நாதத்தில் எல்லாவற்றிலும் இனியது. இருந்தாலும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் மேப்பிள் கட்டை ஓடினாலும் இருபுறமும் உள்ளே வெற்றிடம்தான். ஸ்பீக்கர்களுக்கு நெருக்கமாக நிற்கும் மேடைகளில் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மீண்டும் கிட்டாரில் புகுந்து ஊளையிடுவது) வராமல் காப்பது எளிதல்ல.

ஆறுகம்பி:

மூவருக்கும் நன்றி. மிதக்கும் பிரிட்ஜைப் பற்றி மரத்தூள் ஐயா சொன்னதும், மண்டப இரைச்சலைப் பற்றி இரட்டைக்காயில் சொன்னதும் என் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகின்றன. எனினும் அந்தக் கண்ணாடி நாதத்தை விட எனக்கு மனமில்லை. பிரிட்ஜில் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயில்களும் கொண்ட எச்எஸ்எஸ் வகை ஸ்ட்ராட் இதற்கு விடையாகுமா, அல்லது இரண்டிலும் அரைகுறையாகப் போய்விடுமா?

மரத்தூள்:

உங்கள் தேவைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜும் நடுவும் சேரும் நிலையில் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் இயங்குமாறு வயரிங் இருந்தால்தான் நீங்கள் விரும்பும் நாதத்துக்கு அருகில் வர முடியும். இரண்டு காயில்களும் இயங்கினால் அது தடித்துவிடும். யமஹா பசிஃபிகா 112வி போன்றவற்றில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கர் ஒற்றைக் காயிலாகப் பிரியும். ஆகவே ஸ்குவையரோடு அதையும் கடையில் வாசித்துப் பாருங்கள். நெக்கும் நடுவும் சேரும் நிலை வழக்கமான ஸ்ட்ராட்டில் இருப்பதுதான் என்பதால் அங்கே இழப்பு ஒன்றும் இல்லை. அந்த நிலையில் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் முழக்கமும் அடங்கிவிடும்.

ஹம்பக்கர் மற்ற இரண்டைவிட ஓங்கி ஒலிக்கும். அதன் உயரத்தைச் சற்றுத் தாழ்த்தினால் சமமாகும். நெக் பிக்கப்பைக் கம்பிக்கு மிக நெருக்கமாக உயர்த்திவிடாதீர்கள். அதன் காந்தம் தடித்த கம்பிகளைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் அலைவது போன்ற ஒலியைத் தரும். அதைச் சுருதிக் குறை என்று நினைத்து என்னிடம் வருபவர்கள் அதிகம்.

ட்ரெமோலோ உங்களுக்குத் தேவையில்லை என்றால், பின்பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகாணிகளையும் பிரிட்ஜ் உடலில் அழுத்தமாக அமரும் வரை முறுக்குங்கள். மூன்று ஸ்பிரிங்குகள் போதவில்லை என்றால் ஐந்தையும் மாட்டிவிடுங்கள். முறுக்கி முடித்ததும் மூன்றாம் கம்பியை முழு ஸ்வரம் இழுத்தபடி இரண்டாம் கம்பியை இழுக்காமல் ஒலிக்கவிட்டு ட்யூனரைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. அசைந்தால் இன்னும் அரைச் சுற்று முறுக்க வேண்டும்.