புதுப்பிப்பு: ஆலிவ் ஆலைத் தண்ணீரை வயலில் விடலாமா?

ஆலிவ் எண்ணெய் ஆலைக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதைப் பற்றி முன்பு எழுதிய இழையில், "வயலுக்கே பாய்ச்சினால் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். பாய்ச்சலாம், அளவோடு. இத்தாலியில் 1996-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில், பழைய முறையில் பிழியும் ஆலையின் நீர் 50 கன மீட்டர், சுழல் இயந்திர ஆலையின் நீர் 80 கன மீட்டர் வரை விடலாம். பொட்டாசியம் நிறைய இருப்பதால் மண்ணுக்கு லாபம்தான். ஆனால் அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் விதை முளைப்பதைக் கெடுக்கும். காய்கறி நிற்கும் நிலத்தில் விட அந்தச் சட்டமே தடை போடுகிறது.

ஸ்பெயின் 1990களில், எண்ணெய், ஈரச் சக்கை என இரண்டாக மட்டும் பிரிக்கும் முறைக்கு மாறி, கழிவுநீரையே வெகுவாகக் குறைத்தது. எனக்கு அது பாதித் தீர்வுதான். தண்ணீரெல்லாம் சக்கையில் தங்கிவிடுகிறது, பிறகு அதை உலர்த்த எரிபொருள் வேண்டும்!