மருந்துக்கடை மேசையில் இப்போது என்ன புத்தகம்?

இப்போது படித்துக்கொண்டிருப்பது கு. அழகிரிசாமியின் சிறுகதைகள், மொத்தத் தொகுப்பு. கோவில்பட்டியில் சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் டாக்டர்கள் வந்து உட்காரும்வரை கடையில் கூட்டம் இருக்காது. ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு இருமல் மருந்து என்று கொடுத்துக்கொண்டே ஒரு கதையை முடித்துவிடலாம். நாவல் என்றால் இந்த இடத்துக்குச் சரிப்படாது. நடுவில் யாராவது சீட்டை நீட்டினால் புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைப்பேன். அட்டை மேலே தெரியும். வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? “என்ன அண்ணாச்சி வாசிக்கீக?” என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்கள் எனக்குச் சொன்னதும் நான் அவர்களுக்குச் சொன்னதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் வருவார். அட்டையைப் பார்த்ததும், “தம்பி, அதுல குமாரபுரம் ஸ்டேஷன் இருக்குமே, படிச்சாச்சா?” என்றார். வேறு கதை எதுவும் தான் படித்ததில்லை என்றும் அவரே சொன்னார். கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் அந்த ஸ்டேஷன் நிஜமாகவே இருக்கிறது. கதையில், ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க வரும் நண்பர் ஒருவருக்கு, யாருமே இல்லாத இந்தக் காட்டில் எதற்கு ஒரு ஸ்டேஷன் என்று தோன்றுகிறது. அவர் படித்தவர், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். திரும்பும்போது, கோவில்பட்டியில் படிக்க வரும் கிராமத்துப் பையன்களோடு அதே ரயிலில் வருகிறார். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் கதை முடியும்போது அந்த ஸ்டேஷனை அவர் பார்க்கிற விதமே மாறியிருக்கும்.

“நான் எத்தனை சின்ன ஸ்டேஷன்ல ராத்திரி பூரா முழிச்சிருப்பேன் தெரியுமா? அதை ஒருத்தன் கதையா எழுதியிருக்கான்ல” என்றார் பெரியவர். அதற்குப் பிறகு சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து வாங்கினார்.

அழகிரிசாமி எங்கள் பக்கத்து இடைச்செவல்காரர். 1923இல் பிறந்து 1970இல் இறந்துபோனார். அந்த வருஷம்தான் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. கி. ராஜநாராயணனும் அதே ஊர், இருவரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். ஒரே ஊரிலிருந்து சாகித்ய அகாதெமி வாங்கிய இரண்டு பேர். இங்கே கி.ரா.வைத் தெரியாதவர்கள் குறைவு; அரசாங்கம் கட்டிய மணிமண்டபமும் கோவில்பட்டியில்தான் இருக்கிறது. அழகிரிசாமியைத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கி.ரா. கேட்கிறவர் தோளில் கை போட்டுக் கதை சொல்கிறவர் என்பதால் எல்லாரிடமும் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அழகிரிசாமி குரலை உயர்த்தவே மாட்டார். பசித்த மனிதன் ஒருவன் இட்லிக் கடையில் கடனுக்குச் சாப்பிட முடியாதா என்று தவிப்பதை ‘சுயரூபம்’ கதையில் எழுதியிருக்கிறார் பாருங்கள். பரம்பரைக் கௌரவமும் வயிற்றுப் பசியும் ஒரே ஆளுக்குள் மல்லுக்கட்டுகின்றன. படித்துவிட்டு அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மாமியாருக்கு பி.பி. மாத்திரை வாங்க வரும் ஒரு தங்கச்சி, “படிக்கச் சின்னதா ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி, அழ வைக்கிறது வேண்டாம்” என்றார். நான் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைக் காட்டினேன். பணக்காரப் பையனும் ஏழைப் பையனும் யாரிடம் எது உசத்தி என்று போட்டி போடுகிற இடத்தில் நின்றபடியே சிரித்துவிட்டார். மீதியை வீட்டில் போய்ப் படிக்கிறேன் என்று புத்தகத்தைக் கொண்டுபோனார். அடுத்த முறை வந்தபோது, “அழ வைக்க மாட்டேன்னுதானே சொன்னீங்க?” என்று சண்டைக்கு வந்தார். நான் அப்படி ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை! தீபாவளி நேரத்தில், தன் பிள்ளைகளுக்கே பற்றாத வீட்டில் ஒரு தாய் இன்னொரு அநாதைப் பையனைச் சேர்த்துக்கொள்கிற கதை அது. கடைசியில் சின்னப் பெண் மங்கம்மாள் சொல்லும் பதிலை இங்கே சொல்லப்போவதில்லை, நீங்களே படியுங்கள்.

அந்தத் தங்கச்சி பதிலுக்கு எனக்குச் சொன்னது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். தங்கச்சியுடைய அப்பா அளத்தில் வேலை பார்த்தவராம். “எங்கப்பா காலைப் பார்த்திருந்தா நீங்க இந்தக் களிம்பெல்லாம் விக்கவே யோசிப்பீங்க” என்றார். புத்தகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை.

காலேஜ் பையன் ஒருவன் ‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்து, “படத்துல வர்ற பிளாஷ்பேக்கே இதுல இல்லையே அண்ணாச்சி” என்று குறைப்பட்டான். உண்மைதான், நாவலில் அது கிடையாது. கையைத் துண்டாக்க நினைத்துப் போன பதினைந்து வயதுச் சிதம்பரம் ஆளையே கொன்றுவிடுகிறான். நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துத் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். என் கணக்கில் கொலையைவிட அந்தப் பேச்சும் சாப்பாடும்தான் நாவல். “படத்தை மறந்துட்டு இன்னொரு தடவை படி” என்றேன். படித்தானா தெரியாது. ஆனால் புத்தகம் திரும்பி வரவில்லை, அதனால் நம்பிக்கை இருக்கிறது.

பூமணியின் ‘அஞ்ஞாடி’ வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், கடைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. மெதுவாகப் போகிறது. புதிதாகப் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

சோ. தருமனின் ‘சூல்’ விஷயத்தில் நடந்தது வேறு மாதிரி. 2019இல் சாகித்ய அகாதெமி வாங்கிய நாவல், உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி நடப்பது. விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் மூட்டுவலித் தைலம் வாங்க வந்தார். அவரிடம் காட்டியபோது, “கண்மாயைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லணுமாக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, கேட்கவாவது செய்யட்டும் என்று ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் ஆரம்பித்தார். மடையை யார் திறப்பது, தண்ணீர்ப் பங்கு எப்படி, எந்த வருஷம் கரை உடைந்தது, அப்போது யார் யார் ராத்திரியில் ஓடினார்கள் என்று அரை மணி நேரம். மருந்து வாங்க வந்த இரண்டு பேர் அவரைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். பேரன்தான் பிறகு வந்து வாங்கிக்கொண்டு போனான், தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட என்றான்.

ஆளைப் பார்த்து ஒரு கதையை, முடிந்தால் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் போதும், மீதி தானாக நடக்கும் என்று நான் சொன்னால் ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருக்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’தான் எல்லாம். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, 1942இல் உ.வே.சா. காலமாகி, முடியாமல் நின்றுபோன நூல் அது. கும்பகோணத்தில் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று உ.வே.சா.வைக் கேட்கும் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாமே என்றேன். உ.வே.சா. தான் படித்த அந்தாதி, கலம்பகம் என்று அடுக்குவார், முதலியாரோ அசர மாட்டார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பே வந்தது. இதைவிட நல்ல நுழைவாசல் உண்டா? ஆசிரியருக்குக் கோபம். “உத்தமதானபுரத்தைத் தாண்டாம கும்பகோணம் போக முடியாதுப்பா” என்றார். உத்தமதானபுரம் உ.வே.சா.வின் சொந்த ஊர், நூல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டுமாம். இன்னும் முடியாத வழக்கு இது, வாராவாரம் நடக்கிறது.

அழகிரிசாமி முடிந்ததும் அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் கடைக்கு ஒரு புத்தகம் தேவைப்படுகிறது. மொழிபெயர்ப்பாக இருக்கட்டும், இருநூறு பக்கத்துக்குள், நடுவில் பத்துத் தடவை கவிழ்த்து வைத்தாலும் சரம் அறுந்துபோகாததாக. துப்பறியும் கதை வேண்டாம், சீட்டில் மருந்து மாறிவிடும். உங்களுக்குத் தெரிந்தது இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.