மழையோ பனியோ, குதிரையை வெளியே விட்டாக வேண்டும்: உங்கள் கேட் கதைகளைச் சொல்லுங்கள்

மண்வெட்டி, கென்ட்

நவம்பர் பிறந்ததும் கட்டணம் கட்டிக் குதிரைகளை விட்டுவைக்கும் எங்கள் லிவரி யார்டில் பெரிய புல்வெளிகளை எல்லாம் பூட்டிவிட்டார்கள். இனி மார்ச் கடைசி வரை ஆளுக்கொரு சின்னத் திடல்தான். காலையில் கொண்டுபோய் விட வேண்டும், மாலையில் திரும்பக் கொண்டுவந்து லாயத்தில் அடைக்க வேண்டும். டிசம்பரில் இங்கே விடியவே எட்டு மணி ஆகும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நான் வேலைக்குப் போகிறவள். வார நாட்களில் என் குதிரையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே அரிது. இரண்டு வேளையும் நெற்றி டார்ச்தான்.

யார்டில் புதிதாக ஒரு தமிழ்ப்பெண் சேர்ந்திருக்கிறார். நேற்று, "இந்தக் குளிரில் வெளியே விடுவது பாவமில்லையா அக்கா?" என்று கேட்டார். மூன்று வருடங்களுக்கு முன் நானும் இதையே கேட்டேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், அவருக்குக் காட்டுகிறேன்.

என்னுடையது 14 வயதுப் பெட்டை, ஐரிஷ் காப். காற்றைக் குடித்தே கொழுக்கிற இனம். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் சும்மா பழமொழி என்று நினைத்திருந்தேன். இவளை வாங்கிய பிறகுதான், யாரோ பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னது என்று புரிந்தது.

யார்டு இருப்பது வீல்ட் பகுதியில். தோண்டிய கையோடு பானை செய்யலாம், அப்படிக் களிமண். அந்த ஜனவரியில் மூன்று நாள் விடாமல் மழை. திடல் பாழாகிவிடும், யாரும் குதிரையை வெளியே விடக் கூடாது என்றார்கள். மூன்று நாளும் 12க்கு 12 அடி அறையில் நின்றாள். பின்னங்கால்கள் இரண்டும் கீழே வீங்கிவிட்டன. நின்றுகொண்டே இருந்தால் அப்படி நீர் கோத்துக்கொள்ளும், நடக்க விட்டால் வடிந்துவிடும். பக்கத்து அறைக் குதிரை கதவுக்கு மேலே தலையை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. ஊஞ்சல் பலகை மாதிரி, மணிக்கணக்காக.

நான்காம் நாள் மழை நின்று உறைபனி. விடலாம் என்றார்கள். நடத்திக்கொண்டு போகும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வால் மேலே தூக்கியிருந்தது, மூக்கிலிருந்து புஸ் புஸ் என்று ஆவி. கேட்டைத் திறந்து உள்ளே நாலு அடி போனேன். அவள் முகம் திடலைப் பார்த்திருந்தது, நான் தோளருகே நின்று கயிற்றின் கொக்கியைக் கழற்றினேன். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் கொக்கி கொஞ்சம் சிக்கியது. விடுபட்டதுதான் தாமதம், ஒரு துள்ளு துள்ளி, பின்னங்கால் இரண்டையும் வீசி உதைத்துவிட்டு ஓடினாள். ஒரு குளம்பு என் ஜாக்கெட் கையை உரசிக்கொண்டு போய் கேட்டின் இரும்புக் குழாயில் பட்டது. கோயில் மணி அடித்த மாதிரி சத்தம். அந்தக் குழாயில் பள்ளம் இன்னும் இருக்கிறது. அவளுக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை. மூன்று நாள் அடைபட்டுக் கிடந்த கால், அவ்வளவுதான்.

யார்டில் எழுபதைத் தொடும் ஒரு ஆங்கிலேயப் பாட்டி இருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வந்து செய்து காட்டினார். உள்ளே போனதும் குதிரையை முழுசாகத் திருப்பி, முகம் கேட்டைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். கேட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கொக்கியைக் கழற்றிய உடனே ஒரு அடி பின்னால் வைத்தால் நாம் வெளியே. ஓட வேண்டுமானால் குதிரை முதலில் திரும்பியாக வேண்டும், அந்த நேரம் நமக்குப் போதும். கயிற்றைக் கையில் எந்நாளும் சுற்றிக்கொள்ளக் கூடாது. இது எல்லாக் கையேட்டிலும் இருக்கிற விஷயம்தான். நான் வாசித்தும் இருந்தேன்.

அந்த வாரத்திலேயே இன்னொரு கூத்து. எனக்குக் குளிர்ந்தது, அதனால் அவளுக்கும் குளிரும் என்று 300 கிராம் நிரப்பு வைத்த கனமான ரக்கை (குதிரைப் போர்வை) போர்த்திவிட்டு வேலைக்குப் போனேன். வெளியே 5 டிகிரி, மேலே முடி வெட்டாத காப். சாயங்காலம் ரக்குக்குள் கையை விட்டால் தோளெல்லாம் வியர்வை, கை நனைந்துவிட்டது. கம்பளிப் போர்வையோடு சமையலறையில் நின்ற கதைதான். இப்போது அவளுக்கு உள்ளே நிரப்பு எதுவும் இல்லாத, மழைக்கு மட்டுமான ரக். அதுவும் காற்றோடு மழை வந்தால்தான். குளிர்கிறதா என்று காதைத் தொட்டுப் பார்க்காதீர்கள், காது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். ரக்குக்கு அடியில், தோளுக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். முடி வெட்டிய குதிரைக்குக் கணக்கே வேறு, அதை வெட்டியவர்கள் சொல்லட்டும்.


ஈரச்சப்பாத்து, ஒன்ராறியோ

நீங்கள் சேற்றைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்களுக்கு மார்கழிக்குப் பிறகு சேறே இல்லை, எல்லாம் கல். ஸ்காபரோவிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன், ஐந்தாவது வருடம். குதிரை எங்களுடையதல்ல, பாதி வாடகைக்கு எடுத்தது. ஆனால் காசு முழுசாகப் போவது போலத்தான் இருக்கிறது.

முதல் வருடம் மைனஸ் 20இல் அவனை வெளியே பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. முதுகில் ஒரு அங்குலப் பனி, உருகாமல் அப்படியே கிடந்தது. பண்ணைக்காரப் பெண் சிரித்தார். பனி உருகவில்லை என்றால் உடம்புச் சூடு வெளியே போகவில்லை, முடி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தமாம். நல்ல குளிர்கால முடியும் வயிறு நிறையத் தீனியும் இருந்தால் மைனஸ் 15 வரை ஒரு குதிரை பெரிதாகச் சிரமப்படாது என்று இங்கே சொல்வார்கள். நனைந்த முடியோடு காற்றும் சேர்ந்தால் பிளஸ் 5இலேயே நடுங்கும். அதனால் காற்றை மறைக்க மூன்று பக்கச் சுவர் வைத்த கொட்டகை வேண்டும். காய்ந்த புல்லும் வேண்டும், நிறைய. (வைக்கோல் இல்லை. ஊரில் இரண்டையும் ஒன்றாகச் சொல்வோம், இங்கே வைக்கோல் படுக்கைக்கு.) புல் பெருங்குடலில் புளிக்கும்போது வருகிற சூடுதான் அவனுக்கு அடுப்பு. 500 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ புல், கடும் குளிரில் இன்னும் கூட.

என் கதை தண்ணீர்க் கதை. எங்கள் திடலில் தொட்டிக்குள் மின்சார ஹீட்டர் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் உறையாது. போன தை மாதம் ஒரு ஞாயிறு, மகள் சொன்னாள், "அப்பா, இவன் தொட்டிக்குக் கிட்டப் போகிறான், வாயை வைக்கிறான், உடனே இழுத்துக்கொள்கிறான்." நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, ஐஸ் இல்லை. பல்லுக்குக் கூசுகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன். திங்கள் பின்னேரம் லாயத்தில் சாணம் வழக்கத்தில் பாதிதான், அதுவும் சின்னச் சின்னக் காய்ந்த உருண்டைகள். படுக்கிறான், எழும்புகிறான், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறான். வெட் (கால்நடை மருத்துவர்) வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் தண்ணீரும் எண்ணெயும் இறக்கினார். குடலில் தீனி காய்ந்து அடைத்ததால் வந்த கோலிக், அதாவது வயிற்றுவலி. விடிகாலை மூன்று மணிக்குச் சாணம் போட்டான். ஒரு சாணத்துக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்தார். ஹீட்டர் வயரில் கசிவு. நமக்குக் கையுறையும் ரப்பர் பூட்ஸும் இருப்பதால் தெரியாது. லாடம் அடித்த காலோடு ஈரத்தில் நின்று மூக்கை வைப்பவனுக்குச் சுரீர் என்று அடித்திருக்கிறது. தண்ணீர் உறையவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம், மட்டம் குறையவே இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. இப்போது தொட்டியின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இரவு லாயத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு வாளி வைக்கிறோம். சூடாக இருந்தால் கூடக் குடிக்கிறான், என் தேத்தண்ணீர் மாதிரி.

இன்னொன்று, குளம்புக்குள் பனி அடைத்து உருண்டையாகிவிடும். குதிக்கால் சப்பாத்து போட்ட மாதிரித் தள்ளாடி நடப்பான். மறு வருடத்திலிருந்து கார்த்திகையிலேயே லாடத்தைக் கழற்றிவிட்டோம், பாதித் தொல்லை போனது. லாடம் வேண்டும் என்பவர்களுக்கு லாடக்காரர் அடியில் பனியைத் தள்ளும் ரப்பர் வைத்துத் தருவார்.


சேற்றுக்கால், லெஸ்டர்

எல்லோரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து பேசப்போகிறேன், கோபிக்காதீர்கள். குதிரையை வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருப்பது சில நாள் சரி. சேறாகக் குழம்பிய திடல் ஒரே இரவில் உறைந்தால் எப்படி இருக்கும் என்று தெரியுமா? உழுத வயலைச் சிமெண்டில் வார்த்த மாதிரி. "தினமும் விட வேண்டும்" என்று பிடிவாதமாக அப்படி ஒரு காலையில் என் ஆளை விட்டேன். மூன்று நிமிடம் ஆட்டம் போட்டான். அப்புறம் முன்னங்காலைத் தரையில் வைக்கவில்லை. தசைநார் கிழிசல். மூன்று மாதம் அறையிலேயே நின்றான், ஒரு நாள் அடைத்து வைக்கப் பயந்ததற்கு. இப்போது என் விதி இதுதான்: நான் பூட்ஸோடு திடலுக்குள் ஒரு சுற்று நடப்பேன். என் கணுக்கால் மடங்கினால் அன்றைக்கு அவன் உள்ளே.

மட் ஃபீவர் (சேற்று ஈரத்தில் காலில் வரும் தோல் நோய்) பற்றியும் கேட்க வேண்டும். தினமும் சாயங்காலம் காலை ஹோஸ் போட்டுக் கழுவினேன், பொருக்கு கூடிக்கொண்டே போனது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?


மண்வெட்டி, கென்ட்

கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொல்வது நியாயம். உறைந்த மேடுபள்ளத்தில் நானும் விடமாட்டேன். ஆனால் விடாத நாள் என்றால் சும்மா இருக்கும் நாள் இல்லை, அதுதான் என் வாதம். அன்று காலையும் மாலையும் இருபது நிமிடம் கையில் பிடித்து யார்டைச் சுற்றி நடத்துகிறேன். மூன்று நாள் அடைத்துவிட்டு நான்காம் நாள் கதவைத் திறப்பதுதான் ஆபத்து. உங்கள் ஆள் மூன்று நிமிடம் ஆடியதற்கு முந்தின நாட்கள் எப்படி இருந்தன?

மட் ஃபீவருக்குக் காரணமே ஈரம்தான். நனைந்து ஊறிய தோலில் பாக்டீரியா இறங்குகிறது. ஹோஸ் போட்டால் சேறு போகும், ஈரம் போகாது. நான் கழுவுவதையே விட்டுவிட்டேன். சேற்றோடு உள்ளே விடுவேன், காய்ந்த பிறகு பிரஷ் போட்டால் மண்ணாக உதிரும். கழுவியே ஆக வேண்டும் என்றால் துண்டால் கணுக்கால் மடிப்பு வரை துடைத்துவிடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், வலிக்கும், உதையும் விழும். கால் வீங்கினால் வெட்டைக் கூப்பிடுங்கள்.

கேட் பக்கம்தான் சேறு அதிகம், குதிரைகள் எல்லாம் அங்கேயே வந்து நிற்பதால். நாங்கள் அங்கே துணி விரித்து மேலே கல் கொட்டினோம். புல் வலையைக் கேட்டில் கட்டுவதை நிறுத்தித் திடலின் அந்தக் கோடியில், மேட்டில் போட்டோம். நடக்க எனக்குச் சோம்பலாக இருக்கிறது, கேட் பாதி காய்ந்துவிட்டது.


சேற்றுக்கால், லெஸ்டர்

முந்தின ஐந்து நாள் உள்ளே. சரி, புரிகிறது.


லாயக்காரன், பேர்ன்

நான் வேலை செய்வதே லாயத்தில்தான், 18 குதிரைகள். உங்கள் விவாதம் எங்களுக்கு வராது, சட்டமே சொல்லிவிட்டது. சுவிஸில் சவாரிக்கோ வண்டிக்கோ பயன்படுத்தாத குதிரையை நாளுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியே சுதந்திரமாக விட வேண்டும். வேலை செய்கிற குதிரை என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது, ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம். ஏறி ஓட்டுவது இதில் சேராது. விட்டதை ஒரு பதிவேட்டில் எழுதவும் வேண்டும். முள்கம்பி வேலியும் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசியில் கன்டோன் (மாநில) அரசிலிருந்து பரிசோதகர் வந்தார். குதிரைகளைப் பார்க்கும் முன் பதிவேட்டைக் கேட்டார். நான் எல்லாக் குதிரையையும் விட்டிருந்தேன், எழுதத்தான் இல்லை. பத்து நாள் காலி. முதலாளி என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பரிசோதகர் திடலுக்குப் போய்ப் பனியில் இருந்த குளம்புத் தடங்களைப் பார்த்துவிட்டு, "தடம் வசந்தத்தில் உருகிவிடும், பேனா உருகாது" என்றார். இப்போது பென்சிலைக் கயிற்றில் கட்டிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன். பேனா மை குளிரில் இறுகிவிடுகிறது, அவருக்கு அது தெரியாது.

ஐஸ் பிடித்த பாதைக்கு உப்புப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். லாயத்திலிருந்து அள்ளிய பழைய படுக்கையைச் சாணத்தோடு அப்படியே பாதையில் பரப்புங்கள். உறைந்து ஒட்டிக்கொள்ளும், கால் வழுக்காது. பார்க்க அசிங்கம். வசந்தத்தில் வழித்து எடுத்துவிடலாம்.

புதியவர்களுக்கு ஒன்று: தனியாக ஒரு குதிரையை மட்டும் விடாதீர்கள். பக்கத்தில் இன்னொன்று தெரிந்தால்தான் மேயும், இல்லாவிட்டால் வேலியோரம் ஓடி ஓடியே இரண்டு மணி நேரத்தைக் கழிக்கும்.


ஈரச்சப்பாத்து, ஒன்ராறியோ

கேட் கொண்டி உறைந்தால் என்ன செய்கிறீர்கள்? இன்று காலை கெட்டில் தண்ணீரை ஊற்றித் திறந்தேன். பின்னேரம் வந்தால் முன்னைவிட இறுக்கமாக உறைந்திருக்கிறது.


லாயக்காரன், பேர்ன்

சுடுதண்ணீர் ஊற்றினால் அப்படித்தான் ஆகும். காய்ந்திருக்கும்போது கிரீஸ் தடவி வையுங்கள். இன்றைக்கு மட்டும் கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் ஒரு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். வெறும் இரும்பில் விரல் ஒட்டும், நடுவில் ஒரு துணியை வைத்துக்கொள்ளுங்கள்.


மண்வெட்டி, கென்ட்

எங்கள் புதிய பெண்ணுக்கு இதையெல்லாம் காட்டினேன். இன்று காலை ஆறரைக்கு, இருட்டில், தன் குதிரையைத் திருப்பி முகம் கேட்டைப் பார்க்க நிறுத்தி, கழற்றி, ஒரு அடி பின்னால் வந்தார். குதிரை ஓடவே இல்லை. நின்று அவர் பாக்கெட்டை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.