பைபர் பொடி (காரின் மேற்கூடு): கதவு இடைவெளி மேலே 4, கீழே 11 மி.மீ. வெட்டித் திருத்துவதா, இப்படியே விடுவதா?

கொக்குவில் கொட்டில்:

வணக்கம். பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் காரின் சேசியை (அடிச்சட்டத்தை) வெட்டிக் குறுக்கி, அதன்மேல் திறந்த இரண்டு சீற் கார் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின், பிறேக், ஸ்ரியரிங் எல்லாம் ஒழுங்கு. பொடி பைபர் கிளாஸ். வள்ளம் வார்க்கிற ஒருவரோடு சேர்ந்து அச்சு எடுத்து வார்த்தது.

பொடியைச் சேசியில் பூட்டிக் கதவுகளை மாட்டிய பிறகுதான் தலையிடி தொடங்கியது. வலது கதவின் பின் விளிம்பில் இடைவெளி மேலே 4 மி.மீ., கீழே 11 மி.மீ. இடது கதவு 6, 7 என்று பரவாயில்லாமல் நிற்கிறது. முன் மூடியின் வலது மூலை மட்காட்டை விட 3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. இரண்டு கதவுகளின் கீழ் விளிம்பும் உள்ளே கொஞ்சம் மடிந்தது போலத் தெரிகிறது.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் நேரே அந்த வலது கதவைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுகிறதோ தெரியாது. மாமா ஒருவர் வந்து "பைபர் என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ரீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதை வெட்டி ஒட்ட வேண்டுமா, பட்டி பூசிச் சமாளிக்கலாமா? எந்த அளவுக்கு மேல் மினக்கெட வேண்டியதில்லை? பதிவு, அனுமதி பற்றிய கதையைத் தயவுசெய்து இங்கே இழுக்க வேண்டாம்.

மானிப்பாய் ரிங்கர்:

தம்பி, வெட்டுகிற கதையை முதலில் விடும். கார் இப்போது எதில் நிற்கிறது? சில்லிலா, கட்டையிலா?

கொக்குவில் கொட்டில்:

கட்டையில்தான் ஐயா. முற்றத்து மண்ணில், நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று.

மானிப்பாய் ரிங்கர்:

அப்படியென்றால் நீர் சொல்கிற 4, 11 எதையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். கூரை இல்லாத காருக்கு விறைப்பு முழுவதும் அடியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கட்டை மண்ணில் கொஞ்சம் இறங்கினாலும் சேசி முறுகும். அதோடு சேர்ந்து பொடியும் முறுகும், கதவு வாசல் சதுரம் கெட்டுப்போகும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்தால் காரணம் இரண்டில் ஒன்று. கதவின் பின்பக்கம் தொங்குகிறது, இல்லாவிட்டால் பொடியின் நடு இறங்கியிருக்கிறது. எது என்று தெரியாமல் கிறைண்டரைக் கையில் எடுக்காதேயும்.

சீமெந்துத் தரைக்குக் கொண்டுபோய்ச் சில்லில் நிறுத்தும். ரயர் நான்கிலும் காற்றைச் சரிபார்த்து, சீற், பற்றரி, பெற்றோல் தாங்கி எல்லாம் பாரத்தோடு இருக்கட்டும். பொடியைச் சேசியோடு பிடிக்கிற போல்ட் முழுவதையும் இளக்கி, ஓர் இரவு அப்படியே விடும். மேசன்மார் வைத்திருக்கிற நீர்மட்டக் குழாயை வாங்கி இடதும் வலதும் ஒரே மட்டமா என்று பாரும். சேசியை வெட்டி ஒட்டியிருக்கிறீர், ஆகவே மூலைக்கு மூலை குறுக்கு அளவும் எடுக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, இடம் வலம் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றப் பக்கம் போனால் நீரே பொடியை முறுக்கியதாகப் போகும்.

குருநகர் வள்ளம்:

கதவின் கீழ் விளிம்பு மடிந்ததற்கு நான் பதில் சொல்கிறேன். அது சேசியால் வந்ததில்லை, பைபர் இழையை ஒட்டிப் பிடிக்கிற ரெசினால் வந்தது. பொலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் ஏழு சதவீதமளவு சுருங்கும். தட்டையான இடத்தில் பைபர் இழை அதைப் பிடித்து வைத்திருக்கும். மடிப்பு வருகிற மூலையில் மட்டும் கோணம் உள்ளே இழுபடும். அச்சில் சரியாக 90 பாகை இருந்தாலும் வெளியே எடுத்த துண்டில் அது குறைந்துதான் இருக்கும். எவ்வளவு அனுபவமுள்ள கை வார்த்தாலும் இது வரும். அச்சு செய்யும்போதே கோணத்தைக் கொஞ்சம் விரித்துச் செய்திருந்தால் ஒழிய, பிறகு முழுக்கத் தவிர்க்க முடியாது.

இரண்டு விஷயம் இதைக் கூட்டிவிடும். ஒன்று, முழுக்க இறுகு முன் அச்சிலிருந்து கழற்றுவது. மற்றது, ரெசினை இறுக வைக்கிற ஹாடினரை அள்ளி ஊற்றுவது. எங்கள் வெயிலுக்கு ரெசினின் எடையில் 1 சதவீதம் போதும். 2 போட்டால் தூரிகை வாளிக்குள் இருக்கும்போதே கட்டிபட்டுவிடும், சூடு ஏறும், சுருக்கமும் கூடும்.

விளிம்பை வளர்க்க வேண்டி வந்தால் பட்டியால் வளர்க்க வேண்டாம். பட்டி 3 மி.மீ.க்கு மேல் தடித்தாலே நம்ப முடியாது. கதவு விளிம்பில் வைத்தால் நாலு முறை அடித்துச் சாத்த உதிர்ந்துவிடும். உள்பக்கத்தை 40ஆம் நம்பர் அரத்தாளால் நன்றாகச் சுரண்டி, பைபரும் ரெசினும் வைத்து வளர்த்து, பிறகு அரத்தால் இழைத்து எடுங்கள்.

இன்னொன்று, அளவைக் காலையிலே எடுங்கள். பைபர் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தில் விரியும். ஒரு மீற்றர் நீளக் கதவு மத்தியான வெயிலில் ஒரு மில்லிமீற்றரளவு நீளும். பகல் 12 மணிக்கு அளந்துவிட்டு இரவெல்லாம் நித்திரையில்லாமல் கிடப்பதில் பிரயோசனம் இல்லை.

இந்தப் பீற்றில் சேசிக்கு மேல் பைபர் பொடி வைக்கிற வேலையை 1960களில் கலிபோர்னியாவில் பிரபலமாக்கிய புரூஸ் மேயர்ஸும் எங்களைப் போல வள்ளம் கட்டியவர்தான். அவருடைய 'மாங்ஸ்' என்ற, மணலில் ஓடுகிற பகிக் காருக்குக் கதவே கிடையாது. விவரமான ஆள்.

ரொறன்ரோ தம்பர்:

நான் இங்கே ஒரு கிற் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுகிற கார்) கட்டி ஓடுகிறேன். பொடி பெட்டியில் வந்தது, காசும் கொஞ்ச நஞ்சமில்லை. அதுவும் நீர் சொல்வது போலத்தான் வந்தது. அமெரிக்காவின் கொர்வெற் ஸ்போர்ட்ஸ் கார் 1953இல் முதல் வந்தபோது 300 கார்தான் செய்தார்கள், எல்லாம் கையால் வார்த்த பைபர். அவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கே பொருத்தம் ஒரே மாதிரி வரவில்லை என்றால் கொக்குவில் முற்றத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்?

கண்ணுக்கு இடைவெளியின் அகலம் பெரிதாகத் தெரியாது. ஒடுங்கி விரிவதுதான் உடனே தெரியும். மேலே கீழே 8 மி.மீ. என்று ஒரே சீராக நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 4இல் தொடங்கி 7இல் முடிந்தால் பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கும் உறுத்தும். ஆகவே அகலமான இடத்தை நிரப்பப் பாடுபடாமல், ஒடுங்கிய இடத்தை இழைத்து மற்றதோடு சமப்படுத்தும். 5 மி.மீ. தடிப்பில் பலகைச் சீவல் ஒன்றைச் செய்து விளிம்பு முழுக்க ஓட்டிப் பாரும், அது நுழையாத இடத்தை மட்டும் அரத்தால் தொடும். இடது கதவு 7, வலது கதவு 8 என்றால் அப்படியே விடும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க எவருக்கும் கண் இல்லை.

விடக்கூடாதவையும் உண்டு. கதவின் பூட்டு இரண்டு படியும் முழுதாக விழ வேண்டும், விழாவிட்டால் ஓடும்போது திறக்கும். பீற்றிலில் பெற்றோல் தாங்கி முன்னாலே, ஆகவே முன் மூடி சிக்காமல் திறக்க வேண்டும், ஓடும்போது காற்றில் எழும்பவும் கூடாது. கதவு விளிம்பு பொடியில் உரசினால் பெயின்ற் ஒரு கிழமை நிற்காது. இவை சரியென்றால் மிச்சம் அழகுக் கணக்கு. அதை எங்கே நிறுத்துவது என்று நீர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வடமராட்சி பெயின்ற்:

தம்பர் அண்ணா சொன்னதில் பாதிக்குத்தான் நான் சம்மதம். இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைந்தால் சரி. ஆனால் மூடி 3 மி.மீ. உயர்ந்து நிற்பதை விடச் சொல்லாதீர்கள். பளபளப்பான பெயின்ற் அடித்த பிறகு வெளிச்சம் அந்த மூலையில் முறிந்து விழும், தூரத்திலேயே தெரியும். அது அகலத்தைப் போல மறையாது. ஒன்றரைக்காவது இறக்குங்கள்.

நிறம் என்ன என்று முடிவு செய்தீர்களா? கறுப்பு, கரும்பச்சை என்று யோசித்தால் இப்போதே மறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கறுப்புப் பொடியின் மேல் 70 பாகையைத் தாண்டும். சாதாரண ரெசின் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும், பைபர் இழையின் தடம் பெயின்றுக்கு மேல் கோடு கோடாக எழும்பும். பிறகு எவ்வளவு தேய்த்து அடித்தாலும் அடுத்த வெயிலுக்குத் திரும்ப வரும். வெள்ளை, கிறீம், இளநீலம் என்றால் உங்கள் அந்த வலது கதவும் பாதி மறைந்துவிடும். பெயின்ற் அடிக்க முன் பொடியை முற்றத்து வெயிலில் கொஞ்சக் காலம் காய விடுங்கள். சுருங்க வேண்டியது முதலே சுருங்கட்டும்.

பிறைமரும் பெயின்றும் இரண்டு விளிம்பிலும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். இப்போது 4 என்றால் முடியும்போது 3தான் மிஞ்சும்.

கொக்குவில் கொட்டில்:

எல்லோருக்கும் நன்றி. ரிங்கர் ஐயா சொன்னபடி பக்கத்து வீட்டுச் சீமெந்துத் தரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வலது பின் கட்டை உண்மையிலேயே மண்ணில் இறங்கித்தான் இருந்தது. சேசியின் குறுக்கு அளவில் 2 மி.மீ.தான் வித்தியாசம். போல்ட்டுகளை இளக்கி விட்டு, காலையில் திரும்ப இறுக்கினேன்.

வலது கதவு இப்போது மேலே 5, கீழே 9. வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. முன் மூடி அசையவில்லை, அதே 3.

5க்கும் 9க்கும் இடையில் உள்ளதை என்ன செய்யலாம்?

மானிப்பாய் ரிங்கர்:

பாதி வந்துவிட்டது. இப்போது கதவின் கீழ்ப் பிணைச்சலுக்குப் பின்னால் ஒன்றரை மில்லிமீற்றர் வாசர் (தட்டை வளையம்) வையும். கதவின் கீழ்ப்பாகம் பின்னால் தள்ளுப்படும், தொங்குகிற பின் விளிம்பும் மேலே எழும்பும். முன் விளிம்பின் கீழே இடைவெளி அவ்வளவுக்குக் கூடும், அது மட்காட்டுக்குப் பின்னால் நிழலில் கிடக்கிற இடம். அதோடு நிறுத்தும், மேல் பிணைச்சலைத் தொட வேண்டாம். பிறகு தம்பர் சொன்ன மாதிரி பின் விளிம்பின் மேல்பாகத்தை அரத்தால் ஒரு மில்லிமீற்றர் எடும்.

முன் மூடிக்குப் பிணைச்சலின் கீழ் ஏற்கெனவே வாசர் இருக்கிறதா என்று பாரும். இருந்தால் வலது பக்கத்தில் ஒன்றைக் கழற்றும்.

பழைய மொறிஸ் மைனர் ஒன்றை நேரம் கிடைக்கும்போது அருகில் நின்று பாரும். 1948இல் தொடங்கி 1971 வரை தொழிற்சாலையில் இரும்பில் அடித்த கார் அது. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின காலத்திலும் இங்கே அதன் கதவைத் திருத்தியிருக்கிறேன். இரண்டு கதவும் ஒரே அளவில் நின்ற மொறிஸ் என் கையில் வந்ததில்லை.

கொக்குவில் கொட்டில்:

வாசர் வைத்து அரமும் போட்டாயிற்று. வலது கதவு மேலே 6, கீழே 7.5. பூட்டு இரண்டு படியும் விழுகிறது. மூடியின் வலது பிணைச்சலில் தேவையில்லாமல் ஒரு வாசர் இருந்தது. எடுத்த பிறகு உயரம் 1.5க்கு வந்துவிட்டது. அங்கேயே விடப்போகிறேன்.

கதவின் கீழ் விளிம்பு மடிந்ததையும் தொடவில்லை. குனிந்து பார்த்தால்தான் தெரியும், குனிகிறவர்களுக்கு எஞ்சினைக் காட்டிவிடலாம். நிறம் கிறீம்.

கடைசிக் கேள்வி. மழைக்குக் கதவு வாசலில் ரபர் ஒட்ட வேண்டும். பெயின்றுக்கு முதலா, பிறகா?

வடமராட்சி பெயின்ற்:

பெயின்றுக்குப் பிறகு ஒட்டுங்கள், ஆனால் பெயின்றுக்கு முதலே ஒருமுறை வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். தடித்த ரபர் கதவை வெளியே தள்ளும், பூட்டு இரண்டாம் படிக்கு விழாமல் நிற்கும். உள்ளே குழாய் போல வெறுமையாக உள்ள மெல்லிய ரபராக வாங்குங்கள்.

மானிப்பாய் ரிங்கர்:

பெயின்ற் அடிக்க முன் சேசி போல்ட்டுகளை இன்னொருமுறை இறுக்கும். பொடிக்கும் சேசிக்கும் நடுவில் உள்ள ரபர் பாரத்தில் நசிந்திருக்கும்.